மொத்தத் தொகையை விடுங்கள், ஒரு பொதியைப் பிடியுங்கள்: போருக்கு முந்தைய புஷேரின் வணிக அறிக்கையை வாசிக்கும் விதம்

பாரசீக வளைகுடாவின் வடகரையில் உள்ள புஷேர் துறைமுகத்தைப் பற்றி 1914-க்கு முன் எழுதப்பட்ட வணிக அறிக்கையைத் திறந்தால், கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் ஓடும். மொத்த இறக்குமதி இவ்வளவு, மொத்த ஏற்றுமதி இவ்வளவு. இரண்டு வருடத்துத் தொகைகளை அருகருகே வைத்து, வணிகம் செழித்தது என்றோ நலிந்தது என்றோ எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்தத் தொகை எந்த நாணயத்தில், எந்த வருடக் கணக்கில், யார் எழுதியது என்று தெரியாதவரை அது வெறும் எண்தான்.

நான் வரலாறு படித்தவன் அல்லன். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். சரக்கு எங்கே நின்றது, யார் கையில் எத்தனை நாள் கிடந்தது, கூலி யார் கொடுத்தார்கள் என்று பார்த்தே பழகியவனுக்கு எந்தத் துறைமுகக் கணக்கும் அப்படித்தான் விரியும். பழைய புஷேர் அறிக்கைகளை நான் வாசிக்கும் முறையைக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். முறை எளியது: ஒரு பொதியைத் தேர்ந்தெடுங்கள். மான்செஸ்டர் காடாத் துணியாக இருக்கலாம், தேயிலைப் பெட்டியாக இருக்கலாம். கப்பலிலிருந்து ஷிராஸ் நகரத்துக் கடைவரை அதன் பின்னாலேயே போங்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் அறிக்கை என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கைகள் கிடைப்பது இன்று கடினமில்லை. பிரிட்டிஷாரின் வளைகுடா ரெசிடென்சி, அதாவது அவர்களுடைய அரசியல் பிரதிநிதியின் அலுவலகம், 1778 முதல் புஷேரில்தான் இருந்தது. 1946-இல்தான் பஹ்ரைனுக்கு மாறியது. 1870-களிலிருந்து ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை எழுதினார்கள். அதோடு வணிகப் பட்டியல்களும் வரும். இவற்றில் பெரும்பகுதியைக் கத்தார் மின்னூலகத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். 1900-க்குப் பிறகு பாரசீகச் சுங்கத்தை நடத்திய பெல்ஜியர்கள் பிரெஞ்சில் வெளியிட்ட அட்டவணைகளும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்லது; ஒன்று மறைப்பதை மற்றது காட்டும்.

முதலில் வருடம், நாணயம், எடை

இந்த மூன்றையும் சரிபார்க்காமல் ஒரு வரிகூட வாசிக்க வேண்டாம்.

வருடம்: சுங்க அட்டவணையின் வருடம் நவ்ரூஸ் அன்று, அதாவது மார்ச் 21 அன்று தொடங்கி அடுத்த மார்ச் 20-இல் முடியும். பழைய ரெசிடென்சிப் பட்டியல்களில் ஜனவரி முதல் டிசம்பர்வரை கணக்கிட்டவையும் உண்டு. இந்த இரண்டு வகையையும் ஒரே வரிசையில் ஒட்டவைத்தால், இடையில் சில மாதங்கள் இரண்டு முறை எண்ணப்படும் அல்லது காணாமல் போகும். அப்போது பாரசீகத்தை ஆண்ட கஜார் வம்சத்தின் காலத்து வரிக்கணக்கில் வருடங்களுக்கு விலங்குப் பெயரும் வைத்திருந்தார்கள். 1913 மார்ச்சில் தொடங்கியது எருது வருடம், 1914-இல் தொடங்கியது புலி வருடம். அட்டவணைத் தலைப்பில் ஒரு விலங்கின் பெயரைப் பார்த்தால் மிரள வேண்டாம், அது வருடம்தான்.

நாணயத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பாரசீகத்தில் புழங்கியது வெள்ளிக் கிரான். 20 ஷாஹி ஒரு கிரான், 10 கிரான் ஒரு துமான். 1870-களில் ஒரு பவுண்டுக்கு 25 கிரான் அளவில் கிடைத்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியச் சரிய, 1890-களின் நடுவில் அதுவே 50-ஐ ஒட்டிப் போய்விட்டது. கிரானில் எழுதிய தொகை இருபது வருடத்தில் இரண்டு மடங்கானது என்றால், பவுண்டில் பார்க்கும்போது ஒன்றுமே நகரவில்லை என்று பொருள். பழைய அறிக்கைகள் பல ரூபாயில் இருக்கும். அதிலும் இதே வம்பு. 1870-களின் தொடக்கத்தில் ரூபாய் ஏறக்குறைய 2 ஷில்லிங். நூற்றாண்டின் முடிவில் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிறுத்தினார்கள், அதாவது 15 ரூபாய்க்கு ஒரு பவுண்டு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள்: 10 லட்சம் ரூபாய் இறக்குமதி முதல் மாற்றுவிகிதத்தில் 1 லட்சம் பவுண்டு. அதே 1 லட்சம் பவுண்டுச் சரக்கு பிந்தைய விகிதத்தில் 15 லட்சம் ரூபாய். பட்டியலில் ஒன்றரை மடங்கு வளர்ச்சி தெரியும். துறைமுகத்தில் ஒரு மூட்டைகூடக் கூடுதலாக இறங்கியிருக்காது.

அதனால் மதிப்பை ஒதுக்கிவிட்டு அளவைப் பாருங்கள்: எத்தனை பெட்டி, எத்தனை பொதி, எவ்வளவு எடை. ஆனால் எடையும் சும்மா விடாது. 'மன்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த மன் என்று கேளுங்கள். தப்ரீஸ் மன் ஏறக்குறைய 3 கிலோ. ஷா மன் அதன் இரண்டு மடங்கு. புஷேர் சந்தையில் புழங்கிய ஹாஷிமி மன் தப்ரீஸ் மன்னைப்போல் 16 மடங்கு. 100 தப்ரீஸ் மன் ஒரு கர்வார்; கோவேறு கழுதை வாடகையெல்லாம் பெரும்பாலும் இந்தக் கர்வாரில்தான் பேசினார்கள். ஒரு தாளின் மேல்மூலையில் இவற்றை எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே

இனி பொதியின் பின்னால் போவோம். பம்பாயிலிருந்து புறப்படும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கராச்சி, மஸ்கட், பந்தர் அப்பாஸ், லெங்கே என்று தொட்டுக்கொண்டு புஷேருக்கு வந்து, பிறகு பஸ்ரா போகும். அஞ்சல் ஒப்பந்தத்தோடு இந்த ஓட்டம் 1862-இல் தொடங்கியது. பெரிய துறைமுகம் என்று பெயர்தான்; பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடல் ஆழமில்லை. சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மஷுவா எனப்படும் பாய்ப்படகுகள் போய்ச் சரக்கை மாற்றிக்கொண்டு வரவேண்டும்.

1974-இல் புதுத் துறைமுகம் வரும்வரை தூத்துக்குடியிலும் கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நின்றன. தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. அதனால் எனக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ஆழமில்லாத துறையில் சரக்கின் விலையைத் தீர்மானிப்பது கப்பல் வாடகை மட்டுமில்லை. படகுக்காரன் கிடைக்கிறானா, காற்று விடுகிறதா, கடல் தண்ணீர் பொதிக்குள் போயிற்றா என்பவைதான். வளைகுடாவில் வடமேற்கிலிருந்து ஷமால் அடிக்கும். குளிர்காலத்தில் தென்கிழக்கிலிருந்து கௌஸ் வீசும். காற்று பலத்துவிட்டால் படகு நகராது. அஞ்சல் கப்பலுக்கோ நேரக் கெடு. இறக்க முடியாத சரக்கைச் சுமந்துகொண்டே பஸ்ராவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இறக்குவதும் உண்டு. ஒரு மாதத்து இறக்குமதி திடீரென்று குறைந்து அடுத்த மாதம் ஏறியிருந்தால், சந்தையில் காரணம் தேடுவதற்கு முன் காற்றில் தேடுங்கள்.

அறிக்கையின் கப்பல் பட்டியலை வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அதில் டன் கணக்கு பிரமாதமாக இருக்கும். அது கப்பலின் கொள்ளளவைச் சொல்லும் பதிவு டன், இறங்கிய சரக்கின் எடை அல்ல. ஐம்பது பொதி இறக்கிய கப்பலும் முழுக் கப்பலாகவே எண்ணப்படும். பஸ்ராவுக்குப் போகும்போது ஒரு முறை தொடும், திரும்பும்போது இன்னொரு முறை தொடும்; பட்டியலில் இரண்டு வருகை. எந்த நாட்டுக் கொடி ஓங்கியது என்று அறிய அந்தப் பட்டியல் உதவும். உதாரணமாக, 1906-இல் ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் ஜெர்மன் கப்பல்கள் வளைகுடாவுக்கு வரத் தொடங்கின. 1890-களின் இறுதியில் லெங்கேயில் சிறியதாகத் தொடங்கிய வோங்கௌஸ் நிறுவனம் அவற்றுக்கு முகவர். போட்டியில் கப்பல் வாடகை இறங்கியது. வாடகை இறங்கினால் சரக்கின் இறக்குமதி மதிப்பும் கொஞ்சம் இறங்கும், அளவு கூடியிருந்தாலும்கூட. மறுபடியும் சொல்கிறேன், அளவைப் பாருங்கள்.

சுங்கச் சாவடியில் யார் பேனா பிடித்தது?

1900-க்கு முன் புஷேர் சுங்கம் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்டிவிட்டு, மீதியை வசூலித்துக்கொள்வது குத்தகைதாரர் பாடு. வசூல் எவ்வளவு என்று வெளியே தெரிந்தால் அடுத்த வருடம் குத்தகைத் தொகை ஏறும். அப்படிப்பட்டவர் எழுதும் கணக்கு எப்படி இருக்கும்? ஐரோப்பிய வணிகர்களுக்கு ஒப்பந்தப்படி 5 சதவீதம். உள்ளூர் வணிகர்களோடு பேரம். அந்தக் காலத்து ரெசிடென்சி எண்கள் வணிகர்களிடம் கேட்டும் மதிப்பிட்டும் சேர்த்தவை.

1900-ஐ ஒட்டி ஜோசப் நாவுஸ் தலைமையில் பெல்ஜிய அதிகாரிகள் தெற்குத் துறைமுகங்களின் சுங்கத்தையும் கைக்கொண்டார்கள். அந்த வருடங்களில் எண்ணிக்கை எகிறினால், சரக்கு கூடியதா, எண்ணுகிற கை மாறியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்த கோடு 1903. ரஷ்யாவோடு செய்த உடன்பாட்டின்படி பொதுவான 5 சதவீதம் போய், சரக்குக்குச் சரக்கு தனித் தீர்வை வந்தது. இந்தியத் தேயிலைக்குப் பலத்த அடி. வடக்கிலிருந்து வரும் ரஷ்யச் சரக்குகளுக்குச் சலுகை. 1903-க்குப் பிறகு புஷேர்ப் பட்டியலில் தேயிலை இறக்குமதி குறைந்து காட்டினால், ஷிராஸ்காரர்கள் தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். புஷேருக்குத் தெற்கே தங்கிஸ்தான் கரையில் சிற்றோடை வாய்கள் எத்தனையோ. இரவில் படகு ஒதுங்க அவை போதும். சுங்கத்தின் கணக்கில் வராத தேயிலையும் துப்பாக்கியும் அந்த வழியாகத்தான் ஏறின. ஜெர்மனியில் கட்டிய பெர்செபோலிஸ் என்ற ஒரு பீரங்கிக் கப்பலை வைத்துக்கொண்டு இத்தனை நீளக் கரையைக் காப்பது நடக்கிற காரியமா?

பிரிட்டிஷார் ஏன் இவ்வளவு அக்கறையோடு அடுத்தவர் சுங்கத்தை எண்ணினார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1900-இல் ரஷ்யா கொடுத்த கடனுக்குப் பாரசீகச் சுங்க வருமானம் ஈடாக வைக்கப்பட்டபோது, ஃபார்ஸ் மாகாணமும் வளைகுடாத் துறைமுகங்களும் விலக்கப்பட்டன. பின்னர் அந்தத் தெற்கு வருமானம் பிரிட்டிஷ் பக்கத்துக் கடன்களுக்கு ஈடானது. 1911-இல் பிரிட்டிஷாரின் பாரசீக இம்பீரியல் வங்கி ஏற்பாடு செய்த 12.5 லட்சம் பவுண்டு கடனுக்கும் அதுவே ஈடு. கடன் கொடுத்தவன் கடைக்காரன் கல்லாவை எட்டிப் பார்ப்பதுபோலத்தான் அந்த அறிக்கைகள் எழுதப்பட்டன. ரஷ்யாவின் பங்கு, ஜெர்மனியின் பங்கு என்று வரும் பத்திகளை இந்த நினைப்போடு வாசியுங்கள்.

ஊருக்குள்

பொதி இப்போது சுங்கத்தைத் தாண்டிச் சுமைகூலியின் முதுகில் ஏறிவிட்டது. பழைய புஷேர் சிறிய ஊர்: பெஹ்பஹானி, ஷன்பதி, தெஹ்தஷ்தி, கூத்தி என்று நான்கு பேட்டைகள், குறுகிய சந்துகள், மேலே மரத்தால் அடைத்த மாடி முகப்புகள். இங்கே வணிகர்களின் பெயர்களைக் கவனித்தால் ஊர் புரியும். கிரே பால் நிறுவனம் பிரிட்டிஷ் இந்தியா கப்பல்களின் முகவர், ஹாட்ஸ் ஹாலந்துக்காரர்கள், மால்கம் குடும்பம் ஆர்மீனியர்கள். பாக்தாத்திலிருந்து தப்பி வந்த டேவிட் சசூன் பம்பாய் போவதற்கு முன் தங்கியதும் இந்த ஊரில்தான். பாரசீகப் பெருவணிகர்களை அறிக்கைகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அது அவற்றின் பெரிய குறை. ஹாஜி முயின்-உத்-துஜ்ஜார் போன்றவர் ஹொர்முஸ் தீவின் செங்காவிக்கு உரிமை பெற்று, காரூன் ஆற்றில் கப்பலும் விட்டவர். அப்படிப்பட்டவர்கள் பட்டியலில் 'உள்ளூர் வணிகர்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கண்டால் அங்கே நின்று விசாரியுங்கள்.

பணம் எப்படிப் போனது? இம்பீரியல் வங்கி நோட்டு அடித்தது. ஆனால் புஷேர் கிளையின் நோட்டைப் புஷேரில் மட்டும்தான் வெள்ளியாக மாற்றலாம். ஷிராஸுக்குக் கொண்டுபோனால் வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, கொடுக்க வேண்டும். அதனால் பெரிய வியாபாரம் உண்டியலில், அதாவது வேறூரில் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டில், நடந்தது. இங்கிருந்து அபினோ கம்பளமோ ஏற்றுமதி செய்தவரிடம் பம்பாய் மேலான உண்டியல் இருக்கும். துணி இறக்கியவர் அதை வாங்கிப் பம்பாய்க் கடனை அடைப்பார். அபின் விளைச்சல் கெட்டால் பம்பாய் உண்டியல் கிராக்கி ஆகும். துணி விலை ஏறும். ஒரு வருடத்து இறக்குமதித் துணிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க, அதே வருடத்து ஏற்றுமதி அபினைப் பாருங்கள். ஏற்றுமதிப் பட்டியலும் இறக்குமதிப் பட்டியலும் தனித்தனிப் பக்கத்தில் இருப்பதால் இந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை.

மலைப்பாதை: அதிகம் நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

புஷேரின் உயிர் கடலில் இல்லை, ஷிராஸ் பாதையில் இருந்தது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வண்டிப் பாதை கிடையாது. போராஸ்ஜான், தாலிகி தாண்டியதும் மலை தொடங்கும். கொத்தல் என்பது ஏற்றக் கணவாய். மல்லு கொத்தல், கமாரிஜ் கொத்தல் ஏறிக் காஸெரூன் போய்ச் சேர்ந்தால், அதற்கப்புறம் 'மகள்' கொத்தல், 'கிழவி' கொத்தல் என்று இரண்டு. கடல் மட்டத்துப் பேரீச்சந்தோப்பிலிருந்து புறப்பட்டுக் குளிர்காலத்தில் பனி கிடக்கும் உயரத்துக்கு ஏறவேண்டும். ஏறுவது கோவேறு கழுதை.

ஒரு கழுதை சுமப்பது ஏறக்குறைய 300 ராத்தல், அதாவது அரைக் கர்வாருக்குக் கொஞ்சம் குறைவு. இரு பக்கமும் சமமாகத் தொங்கவேண்டும் என்பதால் சரக்கு இரண்டு சம மூட்டையாக இருக்கவேண்டும். பாரசீகத்துக்கு அனுப்பும் துணியை இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் பொதிகட்டினார்கள். பட்டியலில் பொதிகளின் எண்ணிக்கை இருந்தால் அதை இரண்டால் வகுத்துக் கழுதைகளின் எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். 2,000 பொதி என்றால் 1,000 கழுதை. உடனே கேள்விகள் வரும்: அத்தனை கழுதை எங்கே கிடைத்தது? தீனி என்ன விலை? அந்த வருடம் மழை பெய்ததா? பெரிய எந்திரப் பெட்டி, நீண்ட இரும்புத் தூண் இவையெல்லாம் ஏன் அரிதாக இருக்கின்றன என்பதும் விளங்கும். இரண்டாகப் பிரிக்க முடியாத சரக்கு மலை ஏறாது. மண்ணெண்ணெய் நன்றாக ஏறியது. இரண்டு தகரம் வைத்த மரப்பெட்டி கழுதை முதுகுக்கென்றே செய்தது மாதிரி.

கழுதைக்காரருக்குச் சார்வாதார் என்று பெயர். அவரோடு பேசும் வாடகையில் பொருளாதாரம் முழுவதும் இருக்கிறது. ஷிராஸிலிருந்து இறங்க அபின், பாதாம், கதீராப் பிசின், கம்பளம் என்று சுமை காத்திருந்தால் ஏறும் வாடகை மலிவாகப் பேசுவார். வெறும் முதுகோடு திரும்ப வேண்டும் என்றால் இரண்டு வழிக்கும் சேர்த்து உங்களிடமே வாங்குவார். அறிக்கையில் வாடகை ஏறியதாக எழுதியிருந்தால், உடனே கொள்ளைக்காரர்களைக் குற்றம் சொல்லிவிட்டு நகரக்கூடாது. எதிர்த்திசைச் சுமையைப் பாருங்கள்.

கொள்ளையும் இருந்தது. வழிநெடுக ராஹ்தாரி என்ற வழிக்காவல் பணம். காவல் கொடுப்பவரும் கொள்ளையடிப்பவரும் பல இடத்தில் ஒரே ஆள். அரசியலமைப்புப் புரட்சிக்குப் பின் மத்திய அரசின் கை தளர்ந்தது. கஷ்காய் என்ற நாடோடிக் குலத்தின் தலைவர் சௌலத்-உத்-தௌலா காஸெரூன் பாதையை விட்டுத் தன் செல்வாக்கிலிருந்த பாதைக்கு வணிகச் சாத்துகளைத் திருப்ப முயன்றார். 1910 அக்டோபரில் தெற்குப் பாதைகளைச் சரிசெய்யச் சொல்லி பிரிட்டன் எச்சரித்தது. 1911-இல் மத்திய இந்தியக் குதிரைப்படை புஷேரில் இறங்கி ஷிராஸ் போனது. இந்த வருடங்களின் எண்ணை வாசிக்கும்போது, சுங்கத்தைத் தாண்டிய சரக்கு ஷிராஸ் போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. புஷேர்க் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். 'இறக்குமதி' என்ற வரி கடற்கரையோடு நின்றுவிடுகிறது.

போட்டிப் பாதையையும் மறக்க வேண்டாம். 1888-இல் காரூன் ஆறு கப்பல்களுக்குத் திறக்கப்பட்டது. அஹ்வாஸிலிருந்து பக்தியாரி மலை வழியாக இஸ்ஃபஹானுக்கு லிஞ்ச் நிறுவனத்தின் பாதை நூற்றாண்டுத் திருப்பத்தில் வந்தது. இஸ்ஃபஹான் சரக்கில் ஒரு பகுதி புஷேரை விட்டு முகமராவுக்கு, அதாவது இன்றைய கொர்ரம்ஷஹருக்குப் போயிற்று. புஷேர் இழந்ததைப் பாரசீகம் இழந்தது என்று எழுதினால் பிழை.

ஊர் செய்தது எது, ஊர் வழியாகப் போனது எது?

உள்ளூர்த் தொழிலைத் தேடுபவர்கள் ஏற்றுமதிப் பட்டியலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதில் இருக்கும் புகையிலை, அபின், பாதாம், கம்பளம், பன்னீர் எதையும் புஷேர் விளைவிக்கவும் இல்லை, நெய்யவும் இல்லை. எல்லாம் மேட்டுநிலத்திலிருந்து வந்தவை. ஊரின் கை பட்டது பிரிப்பதிலும் கட்டுவதிலும்தான். கதீராவை எடுத்துக்கொள்ளுங்கள்: மலையில் வளரும் ஒரு முட்செடியைக் கீறினால் வடிந்து காய்ந்து சுருளும் பிசின். வெள்ளைச் சுருள் உயர்ந்த தரம், மஞ்சளும் பழுப்பும் கீழ்த்தரம். பிரித்துத் தூசி போக்கிக் கட்டவேண்டும். ஐரோப்பாவில் துணிக்கு அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டியாக்க அது தேவைப்பட்டது. இங்கிருந்து கழுதையில் இறங்கிய பிசின், அச்சிட்ட துணியாக மறுபடி கழுதையில் ஏறியதும் உண்டு.

அபினுக்கும் அப்படித்தான் இரண்டு வழி. லண்டனுக்குப் போவது மார்ஃபின் சத்து அதிகமுள்ள தூய சரக்கு; சீனாவுக்குப் போவது அங்கே புகைப்பவர்களின் ருசிக்கேற்ப எண்ணெய் கலந்து பிசைந்தது. பெட்டி ஒன்றுதான், உள்ளிருப்பது வேறு, விலை வேறு. மொத்தப் பெட்டிக் கணக்கைச் சேருமிடவாரியாகப் பிரிக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

உண்மையான உள்ளூர்த் தொழிலைக் காண ஒரு குறுக்குவழி சொல்கிறேன். இறக்குமதிப் பட்டியலின் சில்லறை வரிகளுக்குப் போங்கள். எல்லோரும் தாண்டிப் போகும் இடம் அது. மலபார்த் தேக்கும் கயிறும் வந்திருந்தால், கரையில் படகு கட்டுகிறார்கள். சுறா எண்ணெய் பூசிப் படகைப் பேணுவதற்கு அங்கேயே மீன் உண்டு. அது பட்டியலில் வராது. நூல் வந்திருந்தால் எங்கோ தறி ஓடுகிறது. அவுரி வந்திருந்தால் சாயக்காரர் இருக்கிறார். செம்புத் தகடும் ஈயமும் வந்திருந்தால் பாத்திரம் அடிப்பவரும் ஈயம் பூசுபவரும் இருக்கிறார்கள். கல்கத்தாச் சாக்கு வந்திருந்தால் யாரோ தானியமோ பிசினோ மூட்டை கட்டுகிறார்கள். அடுத்த கேள்வி: அந்த நூலும் அவுரியும் ஊரில் நின்றனவா, ஷிராஸும் யஸ்தும் போயினவா? பெரும்பகுதி மேலே போனது. தேக்கும் கயிறும் மட்டும் நிச்சயமாகக் கரையில் நின்றன. கழுதை தேக்கு மரம் சுமக்காது.

புஷேரைச் சுற்றிய பகுதியில் அபா என்ற மேலங்கி நெய்தார்கள். பேரீச்சம்பழத்தை ஓலைக்கூடையில் அழுத்திக் கட்டினார்கள். இவை உள்ளூரிலேயே விற்று உள்ளூரிலேயே தீர்ந்துவிடும். சுங்கத்துக்கு இவற்றோடு வேலை இல்லை. படகுக்காரர், சுமைகூலி, ஊருக்கு வெளியிலிருந்து கழுதையில் தண்ணீர் கொண்டுவருபவர் இவர்களுக்கும் பட்டியலில் தனி வரி கிடையாது. இவர்களைத் தேடும்போது வணிகப் பட்டியலை மூடிவிட்டு, நிர்வாக அறிக்கையின் கொள்ளைநோய், வேலைநிறுத்தம், விலையேற்றப் பத்திகளை வாசியுங்கள்.

நம் சமையலறைக்கும் ஒரு நூல் ஓடுகிறது. லார் பக்கத்துப் பெருங்காயம் பந்தர் அப்பாஸ் வழியாகப் பம்பாய்க்கு ஏறியது. அங்கிருந்து தெற்கே வந்தது. புஷேர்ப் பட்டியலில் அதைத் தேடிக் காணவில்லை என்று சொல்லாமல், கிழக்கே பந்தர் அப்பாஸின் பட்டியலைத் திறக்க வேண்டும். பக்கத்துத் துறைமுகங்களை ஒன்றாக வாசிப்பது எப்போதும் பலன் தரும். லெங்கே அதற்கு நல்ல சான்று. பெல்ஜியச் சுங்கம் வந்ததும் அங்கிருந்த வணிகர்கள் பலர் எதிர்க்கரையில் தீர்வை இல்லாத துபாய்க்குக் குடிபெயர்ந்தார்கள். 1904-இல் பிரிட்டிஷ் இந்தியா கப்பல்களும் துபாயைத் தொட ஆரம்பித்தன. லெங்கேயின் பட்டியல் மட்டும் வைத்திருப்பவருக்கு அது பஞ்சம்போலத் தெரியும்.

எங்கே நிறுத்துவது

1913-14, அந்த எருது வருடம், போருக்கு முந்தைய கடைசி முழு வருடம். ஒப்பீட்டை அங்கேயே நிறுத்துங்கள். 1914 நவம்பரில் பிரிட்டிஷ் படை பஸ்ராவைப் பிடித்தது. 1915 மார்ச்சில் புஷேரிலிருந்த ஜெர்மன் தூதரைப் பிடித்துக்கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 8 அன்று ஊரே பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தது. அந்தப் பிடி நீடித்த இரண்டு மாதங்களில் பாரசீகத் தபால்தலைமேல் பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பு என்று அச்சடித்து விற்றார்கள். தபால்தலை சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். அந்த வருடங்களின் பட்டியலில் எது கடைக்குப் போன சரக்கு, எது படைக்குப் போன சரக்கு என்று பிரிக்காமல் தொடக்கூடாது.

முகமராவை ஒப்பிடுபவர்கள் இன்னும் முன்பே நிறுத்தவேண்டும். 1909-க்குப் பிறகு அபாதானில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனம் சுத்திகரிப்பு ஆலை கட்டத் தொடங்கியது. குழாயும் கொதிகலனும் அந்தப் பக்கமாகத்தான் வந்து இறங்கின. அந்த இரும்பைக் கழித்துவிட்டு, துணி, சர்க்கரை, தேயிலை மூன்றை மட்டும் எடுத்துப் புஷேரின் அதே மூன்று வரிகளோடு வைத்துப் பாருங்கள்.